முந்நூற்றறுபது

இரவு ஷிஃப்ட்டில் ஜெகதீசன் பார்த்தபோது
முள் முந்நூற்றறுபதில் நின்றது.
நானூற்றுப் பதினைந்தில் நிற்க வேண்டிய முள்.
பாவம், அவன் என்ன செய்வான்,
டர்பைன் சோர்ந்துவிட்டதென்று
குமிழை வலப்பக்கம் திருகினான்.
முள் அசையவில்லை.
இன்னும் கொஞ்சம் திருகினான்.

தொழிலாளர் குடியிருப்பில் விளக்குகள்
முதலில் கண் கூசும்படி வெளுத்தன.
பிறகு பதினொரு பல்பு.
தவமலர் தவணை கட்டி முடிக்காத டிவி.
மண்டோர் குப்புராஜின் ஐஸ்பெட்டி,
உள்ளே, மகளைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று
வாங்கி வைத்த மூன்று கிலோ வாவல்.

விடிந்ததும் ஆலை கேட்டில் மீன் வாடை.
"மீட்டர் பொய் சொல்லுது கோமளா,
நீதானே சார்ஜ்மேன்?"
நான்தான். சான்றிதழில்
அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது.

ஆலையை நிறுத்தி, பூட்டுப் போட்டு,
என் பேர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டி,
கம்பியைச் சோதித்தேன். உயிர் இல்லை.
முள் மட்டும் அப்போதும்
முந்நூற்றறுபது என்றது,
ஆள் செத்தது தெரியாமல்
வாசலில் கடன் கேட்டு நிற்பவன் மாதிரி.

நாலு நட்டு, இரண்டு வயர்.
கழற்றி வெளியே கொண்டுபோய்க்
கொதிகலன் பக்கத்து மேசையில் வைத்தேன்.
தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள்
தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

நான் நம்பவில்லை.
ஈப்போவுக்கு ஆள் அனுப்பிப்
புதுசு வாங்கினேன், எண்பத்தைந்து வெள்ளி.
மாட்டிய நாலாம் நாள் அதுவும் நின்றது.
இந்த முறை முந்நூற்றுத் தொண்ணூறில்.
ஜெகதீசன் குமிழைத் தொடவில்லை.
என்னைத்தான் கூப்பிட்டான்,
இரவு இரண்டு மணிக்கு.

வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
ஆறரைக்கு சுமார்னி வந்தாள்,
லொம்போக்கிலிருந்து வந்து எட்டு மாதம்.
வாளி தரைக்கு, மஞ்சள் துணி பேனலுக்கு.
மீட்டர் முகத்தைத் தேய் தேயென்று தேய்த்தாள்.
துணி போன பக்கமெல்லாம்
முள் பின்னாலேயே போனது.
"தினமும் இப்படித்தான்," சிரித்தாள்,
"துடைச்சுவிட்டா அதுக்குச் சந்தோஷம்."

துணியை வாங்கி வைத்துவிட்டு
மீட்டர் முன்னால் குனிந்து
ஹா என்று வாய் நிறைய ஊதினேன்.
பிளாஸ்டிக் மங்கியது.
மங்கலுக்குப் பின்னால் முள் உதறிக்கொண்டு எழுந்து
நானூற்றுப் பதினைந்துக்குப் போய் நின்றது.

போன மாதம்தான் அந்த அறைக்கு
ஏர்கோன் போட்டார்கள்.
அதுவரை கதவு எப்போதும் திறந்திருக்கும்.
நீராவியும் செம்பனைப் பழ வாடையும்
சுங்காய் மழையும் கேட்காமல் உள்ளே வந்து போகும்.
எத்தனை தேய்த்தாலும்
எந்தத் துணியின் சூடும்
அந்த ஈரத்தில் ஒரு நிமிஷம் தங்காது.

அறிக்கையில் "பழுதின் காரணம்" என்ற கட்டத்தில்
"சுத்தம்" என்று மலாயில் எழுதினேன்.
மேனேஜர் ஹலீம் கூப்பிட்டு
என்னையே இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இப்போது சுமார்னி கையில்
சோப்புத் தண்ணியும் ஈரத்துணியும்.
ஜெகதீசன் ஷிஃப்ட் ஏறும்போதெல்லாம்
மீட்டருக்கு ஒருமுறை ஊதுகிறான்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மந்திரிப்பவன் போல.
பழைய மீட்டர் என் டிராயரில் கிடக்கிறது,
நல்ல உடம்போடு, வேலையில்லாமல்.

மீட்டர் கெடவே இல்லை என்பதால்
ஐஸ்பெட்டிக்கு இழப்பீடு இல்லை என்கிறது ஆபிஸ்.
குப்புராஜ் என்னை எங்கே பார்த்தாலும்
வணக்கம் சொல்வதில்லை.
அன்றைய வாவல் விலையைச் சொல்கிறார்,
பக்கத்திலிருப்பவருக்கும் கேட்கிறபடி.